பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் சேலத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் ஜங்ஷன் முன்பதிவுக் கவுண்டரில் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்று பயணச்சீட்டு வாங்க வந்தவர்கள் ரயிலைப் பற்றிக் கேட்டதைவிடப் போய் இறங்கும் வீட்டைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். இப்போது சூரமங்கலத்தில் காலை நடைக்குப் போனாலும் அதே சந்தேகங்கள் கூடவே நடந்து வருகின்றன. என் மகன் பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்திலும், மகள் சென்னையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்திலும் வேலை பார்க்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் போய்வந்து நானும் என் மனைவியும் செய்த தவறுகளிலிருந்தே இந்தப் பதில்களில் பெரும்பாலானவை வந்தன.

"வாங்க, வாங்க" என்கிறான். என்றைக்கு என்று கேட்டால் பதிலே இல்லை. நாங்களாகவே ஒரு நாள் பார்த்துக் கிளம்பிவிடலாமா?

வேண்டாம். "எப்போது வரட்டும்?" என்று பொதுவாகக் கேட்டால், எந்த வாரம் வேலை குறையும் என்று அவனுக்கே தெரியாதபோது அவன் என்ன சொல்வான்? இரண்டு தேதிகளை நீங்களே குறித்துக்கொண்டு, இவற்றில் எது உனக்குத் தோது என்று கேளுங்கள். அன்றே பதில் வந்துவிடும். அவரவர் தொழிலுக்கென்று நெருக்கடிக் காலம் உண்டு. வங்கியில் இருப்பவர்களுக்கு மார்ச் கடைசி அப்படிப்பட்டது. வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமாக செப்டம்பர் 30 கெடு என்பதால், அந்த மாதம் முழுவதும் என் மகள் போனில் பேசும் குரலே வேறாக இருக்கும்.

எத்தனை நாள் தங்குவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் கணக்கு மூன்று இரவுகள். சனிக்கிழமை விடியலில் கிளம்பிச் செவ்வாய்க்கிழமை காலை திரும்புங்கள். வெள்ளி மாலையிலும் ஞாயிறு இரவிலும் பேருந்திலும் ரயிலிலும் இருக்கும் நெரிசல் தப்பும். இடையில் வரும் திங்கட்கிழமையில் பிள்ளை வேலை பார்க்கும் ஒரு நாளை முழுசாகப் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் பெற்றோர், பிள்ளை சும்மா இருப்பதாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

ரயிலா, பஸ்ஸா? எது வசதி?

சேலத்திலிருந்து பெங்களூருக்குச் சாலை வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வரை பேருந்து சொன்ன நேரத்துக்குப் போய்விடும். அத்திப்பள்ளி தாண்டிய பிறகு ஆகும் நேரத்தை ஓட்டுநராலும் சொல்ல முடியாது. சர்க்கரை உள்ளவர்களும் அடிக்கடி கழிவறை தேவைப்படுபவர்களும் யோசிக்காமல் ரயிலில் போகலாம். ஓமலூர், தருமபுரி, ஓசூர் வழியாகப் பகல் வண்டிகள் உண்டு. கோவையிலிருந்து பெங்களூரு செல்லும் வந்தே பாரத் 2023 டிசம்பர் இறுதியிலிருந்து சேலத்தில் நின்று போகிறது. ஆனால் பிள்ளையின் வீடு எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் என்றால் பேருந்துதான் லாபம், வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். பொம்மசந்திராவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாகச் செல்லும் மஞ்சள் தட மெட்ரோவும் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. ஏற்காட்டிலிருந்து வருபவர்கள், இருபது கொண்டைஊசி வளைவுகளையும் இறங்கிய வயிற்றோடு அடுத்த வண்டி ஏறாமல், முந்தின இரவே சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது.

முன்பதிவு விஷயம் இது. 2024 நவம்பர் 1 முதல் பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னதாகத்தான் பதிவு செய்ய முடியும். பழைய 120 நாள் கணக்கு போய்விட்டது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் தனியாகவோ, அந்த வயதுக்குள் வரும் இருவராகவோ பதிந்தால்தான் அது பொருந்தும். கூடவே பேரனையும் மூன்றாவது ஆளாக ஒரே சீட்டில் சேர்த்துவிட்டு, மேல் படுக்கை வந்துவிட்டதே என்று கவுண்டரில் சண்டை போட்டவர்கள் ஏராளம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இன்றும் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் அதைக் கேட்கிறார்.

சென்னைக்கு இரவு வண்டியான ஏற்காடு எக்ஸ்பிரஸ் நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய வண்டி. விடியுமுன்பே சென்ட்ரலில் இறக்கிவிடும் என்பது அதன் ஒரே சிக்கல். அந்த நேரத்துக்குப் பிள்ளையை எழுப்பாதீர்கள். காத்திருப்பு அறையில் பல் துலக்கி, ஒரு காபி குடித்து, வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள்.

சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினால் பிள்ளைக்குச் சந்தோஷமாக இருக்காதா?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஒரு மே மாதத்தில் மாம்பழப் பெட்டியோடு, முன்னறிவிப்பில்லாமல், மகனுடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் போய் நின்றோம். இத்தகைய இடங்களில் உள்ளே இருப்பவர் செல்போன் வழியே அனுமதி கொடுத்தால்தான் காவலாளி வெளியாளை விடுவார். மகன் ஏதோ கூட்டத்தில் இருந்ததால் போன் ஒலியடக்கத்தில் கிடந்தது. காவலாளி நல்ல மனிதர். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தேடி எடுத்து என் மனைவிக்குப் போட்டார். ஐம்பது நிமிடங்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் அதில் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் குளியலறைச் செருப்போடு ஓடிவந்த மகன் கேட்ட முதல் வார்த்தை, "பாட்டிக்கு என்ன ஆச்சு?" என்பதுதான். எங்களிடமிருந்து ஒன்பது அழைப்புகள் வந்திருந்ததைப் பார்த்ததும் ஊரில் துக்கம் என்று முடிவு கட்டியிருக்கிறான். அவனுடைய கை நடுக்கம் அடங்கச் சிறிது நேரமாயிற்று. அதற்குப் பிறகு நாங்கள் சொல்லாமல் போனதில்லை. கட்டட எண், வீட்டு எண், வாசலில் காட்ட வேண்டிய அனுமதி எண் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறோம்.

என்னென்ன கட்டிக்கொண்டு போகலாம்? கை வீசிக்கொண்டு போக மனசு வரவில்லையே.

முதலில் அங்கே குளிர்சாதனப் பெட்டி எவ்வளவு பெரியது, அதில் எத்தனை பேர் பங்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் உங்கள் பிள்ளைக்கு ஒரு தட்டுதான் கிடைக்கும். நாங்கள் அன்று கொண்டுபோனது முப்பது மாம்பழங்கள். வேலை நாளில் பழம் நறுக்கி உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் நேரமில்லாததால் பாதி கெட்டுப்போயிற்று. இப்போது எட்டுப் பழம்தான். இரண்டு அன்றே சாப்பிடும் பக்குவத்திலும், மூன்று செங்காயாகவும், மூன்று நன்றாக விளைந்த காயாகவும் பார்த்து வாங்குகிறோம். குண்டு மாம்பழம் பயணத்தைத் தாங்கும். இமாம்பசந்துக்குத் தோல் மெல்லியது என்பதால் ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, துணிப்பையின் மேல்பக்கத்தில் வைத்து, அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

தட்டுவடை செட் வாங்கிவரச் சொல்லாத பிள்ளை சேலத்தில் பிறந்திருக்க முடியாது. ஆனால் இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவலை வைத்துச் சட்னி தடவிய செட் ஐந்து நிமிடத்தில் நமத்துவிடும் பண்டம். பொட்டலம் கட்டிய செட் தொப்பூர் தாண்டுவதற்குள் களியாகிவிடும். தட்டுவடையை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்துக்கொண்டு, காரச் சட்னியைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்துச் சின்னப் புட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள். காய்களை அங்கே வாங்கித் துருவிக்கொள்ளலாம். ஞாயிறு மாலை என் மனைவி சமையல் மேடையில் வரிசையாக அடுக்கி, சட்னி தடவி, ஒவ்வொன்றாக நீட்ட, மகனும் அவனோடு தங்கியிருக்கும் ஒடிசாப் பையனும் நின்றுகொண்டே இருபத்திரண்டு செட்டுகளை முடித்தார்கள்.

ஏற்காட்டுக் காபித்தூள் கால் கிலோ போதும், திறந்துவிட்டால் மணம் போய்விடும். பிள்ளையிடம் வடிகட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதையும் சேர்த்து வாங்குங்கள். மிளகு, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி ஆகியவை நூறு நூறு கிராம். ஊறுகாய்ப் புட்டியை எண்ணெய் கசியாத மூடி போட்டு எடுத்துச் செல்லுங்கள். என் மகளின் பட்டயக் கணக்காளர் தேர்வுச் சான்றிதழ் நகலில் இன்றும் ஒரு நல்லெண்ணெய்க் கறை இருக்கிறது.

மகள் பி.ஜி. எனப்படும் பெண்கள் விடுதியில் இருக்கிறாள். நாங்கள் எங்கே தங்குவது?

பெண்கள் விடுதிகளில் அப்பாவைக்கூட வரவேற்பறைக்கு மேல் விடமாட்டார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்தக் கண்டிப்பை நம்பித்தானே மகளை அங்கே சேர்த்தோம். சில இடங்களில் அம்மா மட்டும் ஓர் இரவு தங்கத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். நடக்கும் தூரத்தில் ஓட்டலில் ஓர் அறை எடுத்து, மகளையும் உங்களோடு வந்து தங்கச் சொல்வதே சிறந்தது. அறைச் செலவு இருப்பதால், முதல் கேள்வியில் சொன்ன மூன்று இரவுகளை இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அறை முழுக்கக் குப்பை. ஒருநாள் உட்கார்ந்து சுத்தம் செய்துவிடலாமா?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மகன் தன் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தான். அதில் கட்டங்களும் அம்புக்குறிகளும் இங்கிலீஷ் எழுத்துகளுமாகக் கிறுக்கியிருந்தது. அவன் குளிக்கப் போன நேரத்தில் என் மனைவி ஈரத்துணியால் அதைப் பளிச்சென்று துடைத்து, மூலையில் சின்னதாகப் பிள்ளையார் சுழியும் போட்டுவைத்தாள். அது அவன் பத்து நாள் யோசித்து வரைந்த வேலைத் திட்டம். அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரவு இரண்டு மணி வரை நினைவிலிருந்து திரும்ப வரைந்துகொண்டிருந்தான். பிள்ளையார் சுழியை மட்டும் அழிக்கவில்லை.

சமையலறை, குளியலறை, துணி ஆகிய மூன்றிலும் தாராளமாகக் கை வைக்கலாம். மேசை, காகிதம், மின்கம்பிகள், சுவர் ஆகியவற்றைத் தொட வேண்டாம்.

இவ்வளவு தூரம் போயிருக்கிறோம், லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இது அவமரியாதை இல்லையா?

எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. சேலத்தில் அம்மாபேட்டையிலோ குகைப் பகுதியிலோ தறிக்காரர் வீட்டுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு நான் ஒன்றை நினைவூட்டுவேன். நாம் உள்ளே நுழையும்போது அவர் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பார். "வாங்க, உட்காருங்க" என்பார், ஆனால் கையும் காலும் நிற்காது. அந்தக் கரை முடிந்து, இழையை நிறுத்தக்கூடிய இடம் வந்த பிறகுதான் எழுந்துவருவார். அதை யாரும் அவமரியாதை என்று சொன்னதில்லை. பிள்ளையின் திரையில் ஓடும் இழை நம் கண்ணுக்குத் தெரியாததுதான் வித்தியாசம்.

மாலை ஆறரைக்கு மேல் ஏன் பேசிக்கொண்டே இருக்கிறான் என்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரை நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியது. அங்கே காலை ஒன்பது மணிக்கு வேலை தொடங்கும்போது இங்கே மாலை ஆறரை அல்லது ஏழரை. அவர்களோடு சேர்ந்து வேலை செய்பவனுக்கு நம்முடைய இரவுச் சாப்பாட்டு நேரம்தான் வேலையின் உச்சம். எனவே இரவுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்காமல், காலைச் சிற்றுண்டியைச் சேர்ந்து சாப்பிடும் வேளையாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேச்செல்லாம் எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவே தோசைக்கல்லுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை பகல் முழுக்க நாங்கள் என்ன செய்வது? கன்னடமும் தெரியாது.

வெளியே போங்கள், அவனுக்கும் நிம்மதி. லால்பாக்கில் மர நிழலில் உட்கார்ந்தாலே அரை நாள் போய்விடும். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அங்கே மலர்க் கண்காட்சி நடக்கும். அல்சூரில் சோமேசுவரர் கோயிலும், தமிழ் பேசும் கடைத்தெருவும் உண்டு. சென்னை என்றால் மயிலாப்பூர் இருக்கவே இருக்கிறது. பெங்களூரில் ஆட்டோக்காரர், காய்கறிக்காரர் பலருக்குத் தமிழ் புரியும். இருந்தாலும் பேச்சைத் தொடங்கும்போது "நமஸ்கார" என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது மரியாதை.

மூன்று வேளைச் சாப்பாட்டையும் வெளியிலிருந்துதான் வரவழைக்கிறான். நான் சமைத்துப் போட்டு, ஒரு மாதத்துக்குச் செய்து வைத்துவிட்டு வரட்டுமா?

இருக்கும் நாட்களில் சமையுங்கள். அதற்காகத்தான் உள்ளுக்குள் காத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குச் செய்து வைப்பது வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி மேலே சொன்னேன். அதைவிட, அவன் தானே செய்யக்கூடிய ஒன்றைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுங்கள். என் மனைவி குக்கரில் பருப்பும் சாதமும் ஒன்றாக வைக்கும் அடுக்குமுறையைக் காட்டிக்கொடுத்தாள். வாரத்துக்கு இரண்டு நாள் செய்கிறானாம். மூன்று என்று அவளிடம் சொல்கிறான்.

ஆட்டோவிலிருந்து ஓட்டல் வரை எல்லாச் செலவும் அவளே செய்கிறாள். தலையணைக்கு அடியில் பணம் வைத்துவிட்டு வரலாமா?

நான் வைத்தேன். பத்து நாள் கழித்து அதே தொகை என் கணக்குக்கு வந்து சேர்ந்தது. சம்பாதிக்கும் பிள்ளை அப்பா அம்மாவுக்குச் செலவு செய்யும்போது அதைத் தடுக்காதீர்கள், தோசை இருநூறு ரூபாயா என்று வாய்விட்டுக் கேட்கவும் வேண்டாம். வாடகை, கல்விக் கடன் தவணை ஆகியவற்றால் கை இறுகியிருப்பது உங்களுக்குத் தெரிந்தால் மட்டும், ஒரு மளிகைப் பட்டியலை உங்கள் செலவில் வாங்கிவையுங்கள். பணமாகக் கொடுத்தால் திரும்பி வரும், புளியும் பருப்பும் திரும்பி வராது.

கல்யாணப் பேச்சை நேரில்தானே பேச முடியும்? இந்தப் பயணத்திலேயே பேசி முடித்துவிடலாமா?

பேசலாம், முடிக்க முடியாது. முதல் இரவு வேண்டாம். உடன் தங்கியிருப்பவர்கள் முன்னால் வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நடந்துபோகும்போது ஒரே ஒரு முறை, "உன் மனசில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பதில் எதுவானாலும் அந்தப் பயணத்தில் மறுபடி எடுக்காதீர்கள். ஜாதகக் கட்டோடு பையைத் திறந்த ஒரு நண்பரின் மகள், அடுத்த முறை அவர் வருவதாகச் சொன்ன இரண்டு தேதிகளுக்குமே வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

குளியலறையில் இரண்டாவதாக ஒரு டூத் பிரஷ் இருந்தது. யாருடையது என்று கேட்கட்டுமா?

கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நண்பர் யாராவது வந்து தங்கியிருக்கலாம், அல்லது நீங்கள் நினைப்பதாகவே இருக்கலாம். ஒளிக்க நினைத்திருந்தால் ஒளித்திருப்பான். அதை எடுத்துவைக்காமல் விட்டிருக்கிறான் என்றால், சொல்வதற்கு வழி தேடுகிறான் என்றும் எடுத்துக்கொள்ளலாம். மேல் கேள்வியில் சொன்ன அந்த ஒரே கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் இதுவும் வந்துவிடும். வராவிட்டால், அடுத்த முறைக்குப் பொறுத்திருங்கள். குற்றவாளியைப் பிடித்ததுபோல் கையில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வராதீர்கள்.

ஆளே பாதியாகிவிட்டான். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா என்று சொல்லலாமா?

முதலில், வேலை மிகுதியா, உடம்போ மனமோ சரியில்லையா என்று பிரித்துப் பாருங்கள். வேலை மிகுதியில் இருப்பவன் சனிக்கிழமை பத்து மணி வரை தூங்குவான், எழுந்ததும் பசிக்கும், தட்டுவடைக்குச் சிரிப்பான். விடுமுறை நாளிலும் தூக்கம் இல்லை, பிடித்த சாப்பாட்டிலும் நாட்டமில்லை, யாருடைய போனையும் எடுப்பதில்லை, எதற்கும் "இருந்து என்ன" என்கிறான் என்றால் விஷயம் வேறு. அப்போது மூன்று இரவுக் கணக்கை மறந்துவிட்டு உடன் இருங்கள். மருத்துவரிடம் போகலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி சேவை 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை, பெற்றோரும் அழைக்கலாம்.

"விட்டுவிட்டு வா" என்று எடுத்தவுடன் சொன்னால், அடுத்த முறை கஷ்டத்தை நம்மிடம் சொல்லாமல் மறைத்துவிடுவான். "எது ரொம்பக் கடினமாக இருக்கிறது, கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், கால் மணி நேரத்தில் அவனே சொல்வான். அந்தக் கால் மணி நேரம் வாயைக் கட்டுவது எனக்கு இன்னும் கைவரவில்லை.

ஆடித் திருவிழாவுக்குக்கூட வரவில்லை. அவன் வராதபோது நாங்கள் மட்டும் ஏன் போக வேண்டும்?

கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குச் சேலத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். பெங்களூர் நிறுவனத்துக்கு அந்த நாள் வெறும் புதன்கிழமை. குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கையைக் காணொளி அழைப்பில் காட்டியபோது, அலுவலகக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து பார்ப்பதாகச் சொல்லி ஒலியை அடைத்துவைத்து, இருபது நிமிடம் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். கணக்குப் பார்த்தால் நாங்கள் போனதுதான் அதிகம். ஓய்வு பெற்றவர்களிடம் நேரம் இருக்கிறது, அவனிடம் இல்லை. இருப்பவர் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

போன முறை கொண்டுபோன எவர்சில்வர் டப்பாக்களைத் திருப்பிக் கேட்டால் தப்பாக நினைப்பாளா?

கேளுங்கள். கேட்காவிட்டால் ஒன்றில் திருகாணிகளும் இன்னொன்றில் சார்ஜர் கம்பிகளும் குடியேறிவிடும். கிளம்பும் செவ்வாய்க்கிழமை காலை, டப்பாக்களை நீங்களே கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோது, பெரிய டப்பாவுக்குள் என் இரத்த அழுத்த மாத்திரை இரண்டு மாதத்துக்கும், பெங்களூர் அடுமனையில் வாங்கிய பன் நான்கும், மூடியில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் "அடுத்தது அக்டோபர் 11 அல்லது 25, எது தோது?" என்ற வரியும் இருந்தன.